மச்சம் விட்டவருக்கு நான் தெளியவைத்த பியர்

முதல் மிடறு குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும் என் சின்னண்ணாவுக்கு,

உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. மச்சாள் நேற்றும் போன் எடுத்தார். "அவருக்குப் படைக்க உம்மட பியர்தான் வேணும். கண்ணாடி மாதிரி இருக்கோணும், தெரியும்தானே?" நான் "ஓம் மச்சாள்" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் அறியாமல் போன ஒன்றை இன்று சொல்லவேண்டும், அண்ணா.

உங்கள் கராஜில் நீங்கள் போட்ட முதல் பியர் கஞ்சி போலக் கிடந்தது. "தங்கச்சி, இதைக் குடிக்கிறதோ, மாட்டுக்கு வைக்கிறதோ?" என்று கேட்டீர்கள். நான் குடிக்கிறவள் இல்லை. ஆனாலும் லைப்ரரியில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு தேக்கரண்டி ஜெலட்டின் தூளை இளஞ்சுடுநீரில் கரைத்து, புளித்து முடிந்த வாளிக்குள் ஊற்றி, இரண்டு நாள் குளிரில் வைத்தால், மிதக்கும் ஈஸ்ட் எல்லாம் அதோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். படிந்தது. கிளாஸைத் தூக்கி, அதற்குள்ளால் என்னைப் பார்த்து, "மூக்குத்தி தெரியுது!" என்றீர்கள்.

ஜெலட்டின் என்பது, பால் ஊற்றி இறுக்கி எடுப்போமே, அந்தக் கடல்பாசியின் இங்கிலீஷ் பெயர் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் சாப்பிட வரும் நாளில் பாண் பைக்கற்றில் என்ன கலந்திருக்கிறது என்றுகூட எழுத்தெழுத்தாய் வாசிக்கிறவள், இதை மட்டும் யாரிடமும் கேட்காமல் விட்டேனே.

போன கிழமை பக்கத்து வீட்டு ரிஸ்வானா என் குசினிக்குள் வந்து அந்தத் தூளைக் கண்டுவிட்டார். "பியரப் பத்தி என்னட்டக் கேக்காதீங்க அக்கா, ஜெலட்டினப் பத்திக் கேளுங்க. மாட்டுத் தோல், எலும்பு, சிலதுல பன்றி. புள்ளைகளுக்கு ஜெலி வாங்கவே நாங்க மூணு தரம் பாக்குறோம்." சிரித்தவர் என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். "தெரியாமச் செஞ்சதுதானே அக்கா?"

தெரியாமல்தான். ஆனால் நேர்த்திக்கடன் உங்களுடையது. ஆறு வயதில் உங்கள் மகன் நிரூபன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, அவன் தப்பினால் மீனோ இறைச்சியோ, சாகும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தீர்கள். கடைசிவரை ஒரு கருவாட்டுத் துண்டுகூடத் தொடவில்லை. வாளிக் கணக்கு எழுதிவைக்கும் என் கொப்பியைப் புரட்டினேன். நான் தெளியவைத்தது பத்தொன்பது வாளி. நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று உங்கள் படத்துக்கு முன்னால் படைத்த கிளாஸும் அதில்தான்.

தூள் அடியில் தங்கிவிடுகிறது, மேலே தெளிந்ததைத்தானே குடித்தார் என்று என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். எலும்பு கிடந்த தண்ணீரை வடித்துச் சாமிக்கு வைப்பேனா?

நேர்த்தி முறிந்தது என்றால் முருகன் யாரிடம் கேட்பான்? உங்களிடமா, என்னிடமா, பிள்ளையிடமா? நிரூபன் இப்போது பக்கத்து ஊர் மல்கிரேவில் வேலை செய்கிறான். தினமும் மத்தியானம் போன் எடுக்கிறேன். "ஐயாம் ஃபைன் மாமி! நேற்றும் உயிரோடதான் இருந்தனான்," என்கிறான். அவனுக்குப் பகிடி.

திவசத்துக்குப் போட்ட வாளியில் எதுவும் கலக்கவில்லை. தானாகத் தெளிந்தது போதும். இந்தக் கடிதம் உங்கள் நினைவு மலரில் அச்சாகுமுன் மச்சாளிடம் போய், எல்லாவற்றையும் என் வாயால் சொல்லுவேன். ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மரக்கறியாக இருந்தவள் நான். நேற்றுக் காலை விளக்கேற்றி, உங்கள் நேர்த்தியை என் பெயருக்கு மாற்றும்படி முருகனிடம் கேட்டேன். சம்மதித்தானோ தெரியாது. நிரூபனுக்காக, என் மூச்சுள்ளவரை நான் மச்சம் தொடமாட்டேன், அண்ணா.

உங்கள் கடைசித் தங்கச்சி,
நோபல் பார்க், 2012