நாலாவது கையெழுத்து

செப்டம்பர் 3, புதன்

வாளி என் தலையில் விழுந்துவிட்டது. நிஜமாகவே விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நாளோடு போயிருக்கும். இது பருவம் முழுவதும்.

'உணவும் நானும்' என்று ஒரு விருப்பப் பாடம். சுலபமாக மதிப்பெண் வரும் என்று சேர்ந்தேன், எனக்கு நன்றாக வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பாத்தி. ஆறு எங்கள் வகுப்புக்கு, ஆறு பக்கத்துத் தெருக்காரர்களுக்கு. ஓரத்தில் உரக்குழி. எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் கட்டம் போட்டு ஒட்டுகிற ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டவணை. அவள் பிரித்துக் கொடுத்ததில் அவளுக்கு விதை, நெட்டையனுக்குத் தண்ணீர், எனக்கு வாளி.

வாளி என்றால் இதுதான்: மதியம் கேன்டீனில் தட்டைத் திருப்பித் தரும் ஜன்னலுக்குப் போய், நானூறு பேர் தின்று மிச்சம் வைத்ததை வாங்கி வரவேண்டும். குழிக்கரையில் கொட்டி, எலும்பு, மீன்முள், எண்ணெய் வழிவது, காகிதம் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்கவேண்டும். மீதியில் இரண்டு பங்கு காய்ந்த சருகைக் கலந்து குழியில் பரப்பவேண்டும். இன்று முதல் நாள். முட்டைக்கரு ஒட்டிய ரொட்டி, அதன்மேல் யாரோ மூக்கைத் துடைத்த காகிதம், அதன்மேல் பல் பதிந்த கோழிக்கால். யாரோ கடித்த இடத்தை நான் ஏன் தொடவேண்டும்?

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வாளியை நீட்டியது அம்மா.

"அக்கா, வாளி," என்றேன்.

"இந்தாம்மா. கனமா இருக்கும், பாத்து," என்றாள்.

கேன்டீனில் தட்டு கழுவுகிறவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும்தான். என்னைப் பெற்றவளை. கல்லூரியில் சேர்ந்த அன்று அவளேதான் சொன்னாள், "அங்க பாத்தா நீயும் அக்கான்னே கூப்பிடு. உனக்கு எதுக்கு சங்கடம்." ஒரு பேச்சுக்காவது 'அதெல்லாம் வேண்டாம்மா' என்று சொல்லியிருக்கலாம். உடனே சரி என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆறு முறை கை கழுவினேன். நகக்கண்ணில் இன்னும் அந்த நாற்றம்.

செப்டம்பர் 8, திங்கள்

மேடம் ஒரு தாள் கொடுத்தார். 'நீங்கள் உண்பது எது, அது உங்களை யாராக்கியது?' வாராவாரம் இப்படி ஒன்று எழுதித் தரவேண்டுமாம். நெட்டையன் தன் வீட்டு உருளைக்கிழங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, வாசிக்கும்போது கண்கலங்கிவிட்டான். ஒரு கிழங்குக்கு! ஏழடி ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எல்லாரும் கைதட்டினார்கள். பார்க்கவே கூசியது.

நானும் எழுதினேன். என் அம்மா தையல் வேலை செய்கிறாள், ஜன்னலோரத் தொட்டியில் கீரை வளர்க்கிறாள், பறித்த கீரையின் பச்சை வாசனைதான் நான் என்று. வாய் கூசாமல் வாசித்தேன். 'மிக நேர்மையான எழுத்து' என்று பச்சை மையில் குறித்துக் கொடுத்திருக்கிறார் மேடம்.

எங்கள் வீட்டில் தொட்டியும் இல்லை, கீரையும் இல்லை. ஆறு வருடமாக இரவுச் சாப்பாட்டில் பாதி இந்தக் கேன்டீனின் மிச்சம். தட்டு மிச்சம் அல்ல. விற்காமல் தங்கிப்போன ரொட்டி, வேகவைத்த பீன்ஸ். வேலைக்காரர்கள் எடுத்துப் போகலாம் என்று அனுமதி உண்டு. நான் உண்பது அது. அது என்னை யாராக்கியது? பச்சை மை வாங்குகிற பொய்க்காரியாக.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று மீன். வாளியைத் திறந்ததும் குழிக்கரையிலேயே வாந்தியெடுத்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிரிக்கவில்லை. அப்படியே குழியில் கவிழ்த்து, மேலே இரண்டு மண்வெட்டி மண்ணைப் போட்டு மூடினேன். சருகும் கலக்கவில்லை, சருகுக் கூடை தூரத்தில் இருந்தது. மக்கத்தானே போகிறது? மண்ணுக்கு எலும்பு தெரியுமா, ரொட்டி தெரியுமா? அட்டவணையின் தாளில் 'பிரித்தது', 'சருகு கலந்தது' இரண்டு கட்டத்திலும் அழகாக டிக் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஐந்து நிமிட வேலையாகிவிட்டது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

மூன்றாம் பாத்திக்காரர், பக்கத்துத் தெருவில் சைக்கிள் பழுது பார்க்கிறவர், காலையில் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். கையில் நாலு கேரட். நாலிலும் எலி கொறித்த பல் தடம். "என்னம்மா படிக்கிறீங்க நீங்க? என் பொண்ணு இதை நேத்து பச்சையா கடிச்சா. குழிகிட்ட போய்ப் பாருங்க," என்றார். அவர் குரல் உயரவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நெட்டையன் மண்வெட்டியால் ஒரு கிண்டு கிண்டினான். முதலில் வந்தது வாடை. பிறகு மண் அசைந்தது. மண் இல்லை, புழு. வெள்ளையாக, கொழகொழவென்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அடியில் கறுத்த கூழ், அதில் நீட்டிக்கொண்டிருந்த கோழி எலும்பு. ஒரு எலி எங்கள் கண்ணெதிரே சாவகாசமாக நடந்து போனது, அதன் வீடு போல. நெட்டையன் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடினான்.

அட்டவணை மட்டும் அசையவில்லை. தாளை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் டிக். "நம்ம பக்கம் தப்பே இல்ல. தினமும் பிரிச்சிருக்கு, சருகு போட்டிருக்கு. அப்போ அந்த ஜன்னல் அக்காதான். நாம போனப்புறம் எலும்பையெல்லாம் இங்க வந்து கொட்டியிருக்கணும்," என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். புழு நெளிகிற குழியை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்து நம்பினார்கள்! என்னைப் பார்த்துக் கேட்டால் போதும், என் மூஞ்சியே சொல்லியிருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

கேன்டீன் சூப்பர்வைசருக்குக் கடிதம். 'தட்டு கழுவும் பெண்மணியின் பொறுப்பின்மையால்...' ஆறு பேர் கையெழுத்து. தாள் என்னிடம் வந்தது.

போட்டேன். நாலாவது கையெழுத்து என்னுடையது.

செப்டம்பர் 23, செவ்வாய்

தூ.

செப்டம்பர் 24, புதன்

அம்மா இன்று தாமதமாக வந்தாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் செருப்போடு உட்கார்ந்தாள். அவள் செருப்போடு வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பசங்க எழுதிக் குடுத்திருக்காங்க. நான் குழியில எலும்பு கொட்டினேனாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்கு. பதில் சொல்லணும், இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்க."

"யார் யார்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். கேட்ட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"கையெழுத்தெல்லாம் காட்டினாரு."

ரொட்டியை நறுக்கினாள். பார்த்தாளா? என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டவள், என் எழுத்து அவளுக்குத் தெரியாதா? நடுவில் ஒரே ஒரு கேள்வி மட்டும், நிமிர்ந்து பார்க்காமல்: "நீ தினமும் பிரிச்சேதானே?"

"பிரிச்சேம்மா."

ஐயோ, எப்படி வருது எனக்கு இப்படி, சட்டுனு, யோசிக்கக்கூட வேணாம்! அந்தக் குழியில கெடக்கிறதெல்லாம் என் வாயிலதான் இருக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

சூப்பர்வைசர் அறை வரை போனேன். கதவில் 'தட்டிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதியிருந்தது. தட்டவில்லை.

அம்மாவின் கைகளை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறி, சுருங்கி. நான் இரண்டு வாரம்கூடத் தொட முடியாததை அவள் ஆறு வருடமாக வெறுங்கையால் வழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அருவருப்பு என்று நான் எழுதி எழுதிக் கிழித்த பக்கங்களைப் படிக்க எனக்கே குமட்டுகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கூட்டம் தோட்டத்துக் கொட்டகையில். மேடம், சூப்பர்வைசர், நாங்கள் ஆறு பேர், மூன்றாம் பாத்திக்காரர். அம்மா கதவோரம் ஈர ஏப்ரனோடு நின்றாள். உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சூப்பர்வைசர், "என்ன சொல்றே?" என்றார், அம்மாவைப் பார்த்து. அம்மா வாயைத் திறந்தாள். "நான் கொட்டலை சார். ஆனா வேற யாரு மேலயும் சொல்லத் தெரியல," என்றாள்.

தெரியும் அவளுக்கு. எல்லாம் தெரியும்.

"நான்தான்," என்றேன். குரல் கிறீச்சிட்டது. தொடவே அருவருப்பாக இருந்தது, பிரிக்கவில்லை, சருகு போடவில்லை, பன்னிரண்டாம் தேதியிலிருந்து அப்படியே கவிழ்த்தேன் என்றேன்.

அட்டவணைக்கு அதிர்ச்சி வேறு இடத்தில். "டிக் போட்டிருக்கியே!" என்றாள். திரும்பவும், "ஆனா டிக் போட்டிருக்கியே?" பாவம், அவள் உலகமே இடிந்துவிட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அருவருப்பு இருக்கு பாரு, இதையே நீ எழுதணும். அற்புதமா வரும்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு பொம்பளை வேலை போகப்போகுது, இவங்களுக்குக் கட்டுரை வேணும்!

"எழுதினேனே மேடம். தையல் வேலை செய்றாங்கன்னு. பொய். இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் எங்கம்மா. இவங்களுக்கு எதிரா நானே கையெழுத்துப் போட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"நான் போகட்டுமா சார்? தட்டு குவிஞ்சு கெடக்கும்," என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 27, சனி

அம்மாவின் வேலைக்கு ஆபத்தில்லை. எனக்குத் தோட்டத்தில் மதிப்பெண் பூஜ்யம். அதோடு இரண்டு வாரம் மதியம் ஜன்னலில் அம்மாவோடு நிற்கவேண்டும். தண்டனையைச் சொன்னது மூன்றாம் பாத்திக்காரர். மேடம் அதற்கும் 'அற்புதம்' என்றார்.

இன்று குழியை முழுக்க அள்ளிக் காலி செய்தேன். நெட்டையன் கேட்காமலே வந்து எதிர்ப்பக்கம் நின்று அள்ளினான். இரண்டு பேரும் மாறி மாறி ஓங்கரித்தோம். கிழங்கைப் பற்றி இனிக் கிண்டல் செய்யமாட்டேன்.

அம்மா பேசவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்தால் முகம் தெரியாது. தட்டும் ஒரு கையும் மட்டும்தான் வரும். இத்தனை நாளும் அவளுக்கு நாங்கள் எல்லாரும் வெறும் கை. பாலில் ஊறிய ரொட்டி, காபிக் கோப்பைக்குள் திணித்த முட்டை ஓடு, மென்று துப்பிய கறி. துப்பியதைத் தட்டில் வைத்து நீட்டுகிற கையில் வாட்ச் பளபளக்கிறது.

சேதி பரவிவிட்டது. என் வகுப்புக்காரிகள் இன்று தட்டைத் துடைத்துவைத்து, குனிந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று பாடினார்கள். போன வாரம் வரை இதே கைகள் தூக்கி எறிந்தன. அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அம்மா இன்னும் பேசவில்லை. 'நகரு', 'தண்ணி', அவ்வளவுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

மீன் நாள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே அம்மாவும் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"மீன் அன்னிக்கு எனக்கும் எறங்காது," என்றாள். ஏழு நாளில் முதல் முழு வாக்கியம்.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

"அக்கான்னு கூப்பிட்டது எனக்கு வலிக்கலடி. நான்தானே சொன்னேன். கையெழுத்து போட்டே பாரு, அதுதான். நாலாவதா, நல்லா சுழிச்சு. பாத்த உடனே தெரிஞ்சிபோச்சு."

"ஏம்மா அன்னிக்கே கேக்கல?"

"கேட்டேனே. பிரிச்சேன்னியே." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன் தட்டு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா என் கைக்குத்தானே வருது. பட்டாணிய மட்டும் ஓரத்துல வரிசையா ஒதுக்கி வெச்சிருப்பே, சின்ன வயசுலேருந்து அதே பழக்கம். பரீட்சை அன்னிக்கு எதையும் தொட்டிருக்கமாட்டே. அன்னிக்கெல்லாம் ரெண்டு ரொட்டி கூட எடுத்துட்டு வருவேன். நீ வந்து ஜன்னல்ல வெச்சிட்டு நிக்காமப் போவே. இன்னிக்கு சாப்பிட்டியா இல்லியான்னு தட்டு சொல்லிடும்."

அருவருப்பு என்று இத்தனை நாள் எதையெதையோ எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் நான்தான்.

அக்டோபர் 13, திங்கள்

தண்டனை முடிந்தபின் முதல் நாள். பழையபடி வரிசையில் நின்றேன். ரொட்டி, முட்டை, பட்டாணி. முன்னால் அட்டவணை, பின்னால் நெட்டையன். அட்டவணை இப்போது டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'நேரில் பார்த்தது யார்' என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறாள்.

தின்றுவிட்டுத் தட்டை ஜன்னலில் வைத்தேன். வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது.

"ஏய், இந்தப் பட்டாணிய யாருடி தின்னுவா, உங்கப்பனா வந்து தின்னுவான்? உக்காந்து தின்னுட்டுக் கொண்டா!" அம்மாவின் குரல், கேன்டீன் முழுக்க.

நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். ஆறிப்போன பட்டாணி, வாயில் மாவு மாதிரி ஒட்டியது, குமட்டிக்கொண்டு வந்தது. இருபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றையும் தின்றேன்.