பிளோறன்ஸ் தந்த ரோசாப்பூக்கள்

பீலெஃபெல்ட்,
14.9.1988

அன்புள்ள பாமாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்குக் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒப்பிரேசனுக்கு வயிற்றில் வெட்டிய இடம் நன்றாக ஆறிவிட்டது. உடம்பு அளவில் இருவரும் நலம். அதற்கு மேல் சுற்றி வளைத்து எழுத இன்று கை வரவில்லை. நித்தி மாமா செத்துப்போனது எனக்குத் தெரிந்துவிட்டது. என் சொந்த அண்ணன். போன ஐப்பசியில். நீ சென்னையில் இருந்து எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் அவர் உயிரோடு இருந்தார்.

எப்படித் தெரிந்தது என்று முதலில் எழுதுகிறேன். என் தம்பி தவராசா, உன் சின்ன மாமா, போர்தோவுக்கு வடக்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறான் அல்லவா. அறுவடை தொடங்கினால் மூச்சு விட நேரம் இல்லை, அதுக்கு முதல் வாங்கோ அக்கா என்று வந்த நாள் முதல் கூப்பிடுகிறான். இந்த வருடம்தான் எங்கள் அசூல் வழக்கு, அந்த அகதி வழக்கு, முடிந்து, எல்லை தாண்டிப் போக நீலப் பயணப் புத்தகம் கைக்கு வந்தது. அப்பாவுக்கு றெஸ்ரோறண்டில் லீவு இல்லை. நீர் போயிட்டு வாரும் என்றார். றெயிலில் ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிற்கிற ஆள் இல்லை. திரும்பி வரேக்கை நான் ஸ்ரேசனுக்கு வருவன், கட்டாயம் வருவன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு வழி தெரியாதா என்று சிரித்தேன். இப்போது விளங்குகிறது.

போன மறுநாள் காலை, சைக்கிளில் தண்ணீர்க் கரை மட்டும் போய் வருவோம் என்றான் தவராசா. எனக்காக ஒரு பெண்கள் சைக்கிளை இரவல் வாங்கி எண்ணெய் விட்டு வைத்திருந்தான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த காலத்துக்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறவில்லை. விழவில்லை. வழி முழுக்கத் திராட்சை. இடுப்பளவு கொடிகள், கம்பி இழுத்துக் கட்டி, வரிசை வரிசையாக. வரிசையின் தலைப்பில் ஒரு ரோசாச் செடி. அழகுக்கு என்று நினைத்தேன். இல்லை அக்கா, நோய் வந்தால் ரோசாவிலைதான் முதல் தெரியும், திராட்சைக்குப் பிறகுதான் வரும் என்றான். மண்ணே இல்லை, எல்லாம் கூழாங்கல். பழங்கள் கறுத்து, மேலே சாம்பல் படிந்தது போல. ஆள் இல்லை, கார் இல்லை. சங்கிலியின் சத்தம், மிதிப்பதை நிறுத்தினால் பின்சில்லின் கிர்ர். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு இரும்புப் படலை, திரும்பவும் திராட்சை. ஊரில் வீதி இப்படிக் கிடந்தால் ஏதோ நடந்திருக்கும், அல்லது நடக்கப்போகிறது. இங்கே அமைதி வெறும் அமைதி என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

எதிரே ஒருவரும் வராததால் என்னை அறியாமல் இடது பக்கம் போய்விட்டேன். அக்கா வலது, வலது, உங்களுக்கு இது பருத்தித்துறை றோட்டோ என்று பின்னால் இருந்து கத்தினான். ஆளில்லாத றோட்டிலை எந்தப் பக்கம் போனால் உனக்கென்னடா என்றேன். பொலிஸ் பிடிச்சால் இந்த மனிசியை எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவன் என்றான். சிரித்தோம். பிள்ளை, அதை எழுதவே கூசுகிறது. அண்ணனைப் பறிகொடுத்த இரண்டு பேர் ஒரு அந்நிய வீதியில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனோம். அதில் ஒருவனுக்குத் தெரியும்.

இடையிடையே நின்றான். சில்லுக்குக் காற்றுக் காணாது என்றான். அமத்திப் பார்த்தேன், கல்லுப் போல இருந்தது. அக்கா என்று தொடங்குவான். என்னடா என்றால், தண்ணி குடிக்கப் போறீங்களோ என்பான்.

பிறகு வீதி சரிந்து கரைக்கு வந்தது. ஜிரோந்த். ஆறு கடலில் விழும் அகன்ற வாய். பல்கலைக்கழகத்தில் பொங்குமுகம் என்று படித்து, வரைபடத்தில் நீல மையால் கீறியது. நீலம் இல்லை. பால் விட்ட தேத்தண்ணி நிறம். மறுகரை ஒரு கோடு. கரையோரம் மரக்கால்களில் மீன்பிடிக் குடில்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சதுர வலை தொங்கியது. அதில் ஒன்று பிளோறன்ஸ் என்ற பெண்ணுடையது. தவராசாவோடு தோட்டத்தில் கொடி வெட்டுகிறவள், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். இளமையில் மோசல் பக்கம் வேலை செய்தவள், ஆகவே ஜேர்மன் பேசுவாள், என் ஜேர்மனை விட நல்ல ஜேர்மன். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். உள்ளே போனாள். ஈரத் துணியில் சுற்றிய ரோசாப்பூக்களைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உன் அண்ணனுக்கு என்றாள். குடிலில் இருந்து தண்ணீருக்கு இறங்கும் படியைக் காட்டி, தவராசா பூ விட்டது இந்தப் படியில்தான், நீயும் இதிலேயே விடு, தண்ணீர் இப்போது கடலுக்குப் போகிறது, நல்ல நேரம் என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தவராசாவைப் பார்த்தேன். அவன் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம்.

பாவம் பிளோறன்ஸ். ஒரு சாவை ஒரு வருடம் ஒளித்து வைப்பார்கள், அதையும் அன்பு என்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது. சேதி வந்த நாளில் இவன் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொடி வரிசையில் நின்று அழுதானாம். அவள்தான் கூட்டிக்கொண்டு போய் இருத்தி வைத்தாளாம். மொட்டை அடித்துவிட்டு, குளிக்க ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்று கேட்டானாம், இங்கே கொண்டுவந்து விட்டாளாம். மாரியில் அவன் அனுப்பிய படத்தில் கம்பளித் தொப்பி போட்டிருந்தான். பிள்ளைக்குக் குளிர் என்று நினைத்தேன்.

இண்டைக்குச் சொல்லுறதெண்டுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான் அக்கா, வழியெல்லாம் வாய் வரேல்லை என்றான். பிறகு சொன்னான். நீ அவனுக்கு எழுதியதைத்தான் சொன்னான். ஊரடங்கு நேரம், மாமாவுக்கு நெஞ்சு நோ, வாகனம் இல்லை. உன் தம்பி வாசு அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் வேட்டியால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சந்து ஒழுங்கைகளால் மிதித்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போக முதலே முதுகில் பாரம் கூடியது அவனுக்குத் தெரிந்ததாம். பூவை விட்டேன். தண்ணீர் கொண்டு போனது. அழவில்லை. இன்னும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றேன். முதலில் என் ஒப்பிரேசனாம். பிறகு அசூல் விசாரணைக்கு நாள் குறித்துத் தெர்மின் வந்ததாம், அழுதுகொண்டு போய் நின்றால் காரியம் கெட்டுவிடுமாம். பிறகு மாரியாம், இருட்டுக்குள் அக்கா தாங்கமாட்டாவாம். பிறகு நாள் போய்விட்டதாம். ஆருக்கெல்லாம் தெரியும் என்றேன். எல்லாருக்கும் என்றான். அத்தானுக்கு? ஓம். எங்கள் மேல்வீட்டு மகாதேவி அக்காவுக்கு? ஓம். பாமாவுக்கு? பாமாதானே அக்கா எனக்கு முதல் எழுதினவள், அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ மாமா எண்டு.

தைப்பொங்கலுக்கு இந்த வருசம் வேண்டாமே என்று அப்பா சொன்னார். நான்தான் பிடிவாதமாகப் பொங்கினேன், மேல்வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகாதேவி அக்கா இரண்டு கையாலும் வாங்கி, என் முகத்தைப் பாராமல் கதவைச் சாத்தினா. நேற்றுப் போய்க் கேட்டேன். எதையும் சொல்லுறதுக்கு ஒரு நேரம் வேணும்தானே கலா என்கிறா. நீயோ, மாமாவுக்கு முழங்கால் நோ என்று மாசியில் எழுதினாய். அதற்கு நான் தைலம் வாங்கிப் பார்சலில் போட்டேன். யாருக்குப் பூசினீர்கள் பாமா. உன் மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் அதற்கு இல்லை.

திரும்பி வரும்போது எதிர்காற்று. தவராசா எனக்குக் காற்று மறைக்க முன்னால் போனான். அதே வீதி, அதே அமைதி. மிதித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதை என் தலைக்குள் திரும்பத் தொடங்கியது. கரியரில் மாமா. அவரோடு சேர்த்துக் கட்டியபடி வாசு. மாமா போய்விட்டார். அந்த இடத்தில் எல்லாரும் கதையை நிறுத்துகிறீர்கள். சைக்கிள் ஓடியவன் அதற்குப் பிறகு எங்கே போனான்? அவனை நான் விட்டுவந்தது மாமாவின் கையில். மாமா இல்லாத வீட்டில் பதினேழு வயதுப் பெடியன் ஒரு வருடமாக யாரோடு இருக்கிறான், யார் சமைத்துப் போடுகிறார்கள்? தவராசா, வாசு எப்படி இருக்கிறான் என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாசு சுகமாத்தான் இருக்கிறான் அக்கா, பாமா எழுதுறவள்தானே என்றான்.

அதே குரல் பிள்ளை. நித்தி அண்ணை சுகமாத்தான் இருக்கிறார் அக்கா என்று ரெலிபோனில் சொன்ன குரல். நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். வீதியின் எந்தப் பக்கத்தில் நின்றேன் என்று தெரியாது.

இங்கே ஸ்ரேசனில் அப்பா நின்றார். என் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது, பையை வாங்கினார். வாசு எங்கே என்று கேட்டேன். ஊரிலைதானே, படிக்கிறான் என்றார். பையை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார். அது பாரமான பை இல்லை.

தம்பி நலம், எழுதத்தான் அவனுக்குப் பஞ்சி, சரியான சோம்பேறி என்று நீ எழுதும்போதெல்லாம் நம்பினேன். பெடியங்கள் அப்படித்தான் என்று மற்றவர்களுக்கும் சொன்னேன். சித்திரை வருடத்துக்கு வந்த வாழ்த்தில் அவன் பெயரையும் நீதான் எழுதியிருந்தாய். சேர்த்து எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். இப்போது எனக்கு எதையும் நினைக்கத் தெரியவில்லை. அவன் வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு அம்மாவுக்கு எழுதப் பஞ்சிப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். அதுதான் உண்மையாகவும் இருக்கலாம். அந்த உண்மையையும் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கெடுத்துவிட்டீர்கள். இனி யார் வந்து வாசு சுகம் என்றாலும் எனக்குப் படியும் பூவும்தான் தெரியும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அவன் இருக்கிறான் என்றால் அவன் கையால் இரண்டு வரி வேண்டும். ஊருக்குப் போகிற ஆரிடமாவது சொல்லிவிட்டு எடுப்பி. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எங்களை விட்டுப்போட்டுப் போனீங்கள் என்று எழுதினாலும் சரி. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றால் அதை எழுது. பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் அதை எழுது. அவன் இல்லை என்றால், இல்லை என்று எழுது. எனக்கு ஒப்பிரேசன் முடிந்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது, மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்களுக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

நீ உன்னைக் கவனித்துக்கொள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மழை தொடங்கினால் கல்லூரியால் பொழுது பட முதல் வந்துவிடு. மாமாவின் சேதியை ஒரு வருடமாகத் தனியாகச் சுமந்தாய், இருபது வயதில். அதுவும் எனக்குத் தெரிகிறது. நீ எதை எழுதினாலும் நீ என் பிள்ளை. எந்த நேரத்திலும் உனக்குத் துணை இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன்.

மறக்க வேண்டாம்: கடிதத்தை அப்பாவின் பெயருக்குப் போடாதே, என் பெயருக்குப் போடு. முன்கூட்டி யாருக்கும் அறிவிக்காதே. என் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லி மகாதேவி அக்காவுக்கு எழுதாதே. தபால்காரர் வரும் நேரம் நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். தனியாக இருந்தே வாசிப்பேன்.

உன் அம்மா,
கலாதேவி மகேந்திரராஜா