அமெரிக்காவில் கேட்ட காலடிப்பேட்டை மழை

ஜூலை 3, வியாழன்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். விடியற்காலையில் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஹெட்போனை மாட்டி உட்கார வேண்டும். அமெரிக்காவில் அப்போது சாயங்காலம். ஆலங்கட்டி விழுந்து கூரை உடைந்தவர்களுக்குப் புதுக் கூரை போடும் கம்பெனி. சூப்பர்வைசர் ரவிக்குமார் சாருக்கு ஒரே சட்டம்: சென்னையில் இருக்கிறோம் என்று மூச்சு விடக்கூடாது. உளறினால் அன்றே வேலை காலி. உளறாமல் இருந்தால் செப்டம்பரில் நிரந்தரம்.

நான் இருப்பதாகச் சொல்ல வேண்டிய ஊர் கடலே இல்லாத சமவெளி. மழை அபூர்வம். காற்றில் ஈரமே கிடையாது, வேர்க்காது, உதடு வெடிக்கும். திடீரென்று கோழிமுட்டை அளவு ஆலங்கட்டி கொட்டும். இதை மனப்பாடம் செய்யும்போது என் வேர்வை கீபோர்டில் சொட்டியது.

ஜூலை 8

“எங்க ஊர்ல வறட்சி, உதடெல்லாம் வெடிக்குது” என்று ஒருவரிடம் இங்கிலீஷில் அளந்தேன். தம்பி தீனா அதை அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

“இன்னாடி கார்குழலி, மூஞ்சில எண்ணெ வழியுது, ஒதடு வெடிக்குதா? பொய்க்கு ஒரு அளவு வேணாம்?”

யார் சொல்வது பாருங்கள்! நாலு நாள் ஐஸில் கிடந்த வஞ்சிரத்தை “இப்பதான் போட்லேர்ந்து எறங்குச்சு” என்று விற்கிற மீன்காரி!

ஜூலை 15

ஹார்பரில் கப்பல் ஊதியது. என்ன சத்தம் என்று கஸ்டமர் கேட்டார். கப்பல் சார் என்றேன்.

ஐயோ, என் வாயில தீய வைக்க! கடலே இல்லாத ஊர்ல கப்பலா? பக்கத்து வீட்டுப் பையனின் பொம்மைக் கப்பல் என்று சமாளித்தேன். ரொம்பப் பெரிய பொம்மை போலிருக்கிறதே என்றார்.

ஜூலை 16

கப்பல் உளறலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 5

போச்சு. எல்லாம் போச்சு.

வால்டர் என்று ஒரு தாத்தா. மழையே வராத ஊரில் புதுக் கூரை எதற்கு என்று ஆர்டரை ரத்து செய்யக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து இங்கே மழை. தகரத்தில் அடி அடியென்று அடிக்கிறது. அவர் காதில் விழுந்துவிட்டது. அது மழையா? எங்கேம்மா இருக்கே என்றார்.

“சென்னை சார்” என்று உளறிவிட்டேன்.

போனை வைத்துவிடாதே என்றார். பெண்டாட்டியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்துட்சு, எதுக்குன்னே தெரியல. கடைசியில் ஆர்டரையும் ரத்து செய்துவிட்டார்.

எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கிறது. மதியம் ரவிக்குமார் சார் போனில் கத்தினார்: “கூரை விக்க சொன்னா மழைய காட்டிகினு கீறியா நீ? மேனேஜர் கைலதான் கீது உன் கத.”

ஆகஸ்ட் 6

மேனேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அம்மா சுறாப்புட்டு செய்தாள். ஆறுதலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 12

மறுபடி வால்டர்! மழைக்காரப் பெண்தான் வேண்டும் என்று அடம்பிடித்து லைன் வாங்கியிருக்கிறார். வெளியே இருட்டிக் கிடக்கிறது, எங்கள் ஊரிலும் மழை, கேள் கேள் என்று போனை ஜன்னலில் நீட்டினார். டமார் டமார் என்று சத்தம். அம்மாவும் காதை வைத்துக் கேட்டாள்.

“இது மழையா? எவனோ கூரைமேல கல்லு வுட்டுகினு கீறான்டி.”

“சார், அது மழை இல்ல. ஆலங்கட்டி.”

அந்தப் பக்கம் எதுவோ உடைந்து விழுந்தது. பாட்டியின் அலறல். பிறகு வால்டர் மெதுவாகக் கேட்டார், அந்தப் பழைய ஆர்டர் இன்னும் இருக்கிறதா அம்மா?

செப்டம்பர் 1

நிரந்தரம்! வால்டர் தெருவில் எல்லோர் கூரையும் காலி. எல்லோரும் மழைக்காரப் பெண்ணிடம்தான் பேசுவார்களாம். ரவிக்குமார் சார் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்: கஸ்டமர் கேட்டால் மழைச் சத்தம் கேட்க வேண்டும்.

இன்று இங்கே ஒரு பொட்டு மேகம் இல்லை. அம்மா தகரக் கூரையில் சாய்த்த ஏணியில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள்.

“ஊத்தட்டாடி?”