கரடி உடைக்காத பெட்டி

அண்ணனுக்கு,

அம்மாவைத் தூது விடாதே. ஜாமீன் கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்.

விலங்குகளைக் கணக்கெடுக்கக் காட்டில் நான் கட்டிய, அசைவு கண்டால் தானே படமெடுக்கும் இரண்டு கேமராக்களையும் கரடி உடைத்தது என்றாய். நம்பினேன். மூன்றாவதற்கு நானே இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, முன்னால் தடித்த கண்ணாடி பதித்துப் பெட்டி செய்தேன்.

"கரடிக்குப் பூட்டு போடுறியா?" என்று சிரித்தாய்.

கோடரியால் நீ பதினோரு முறை வெட்டியும் பெட்டி பிளக்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படம் விழுந்திருக்கிறது. எல்லாவற்றிலும் உன் முகம், காலடியில் செத்த மான்.

வனக்காவலர் படத்தை நீட்டி, "யாரும்மா இது? தெரிஞ்ச ஆளா?" என்றார்.

"எங்கண்ணன். வாங்க, வீட்டைக் காட்டுறேன்" என்றேன்.

இப்படிக்கு,
கூடப் பிறந்த பாவத்துக்கு,
தங்கை