மகனின் கண்ணைப் பறித்த ராணியைக் கொண்டாடிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டை இன்னும் விற்கவில்லை. தேவாலயத்தில் உங்கள் நினைவாக ஒரு மாதா படம் மாட்டப்போகிறார்கள், பொன்முலாம் பூசிய பழைய பைசாந்தியப் பாணியில். திரையை விலக்கி, உங்கள் அன்பைப் பற்றி நான் பேச வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவை ஃபாதர் கிட்டத்தட்டப் புனிதை ஆக்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மறைக்கல்வி வகுப்பில் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட ராணியின் கதையை நீங்கள் சொன்னால் எங்களுக்கே மெய்சிலிர்க்கும். அவளுக்கு முன் ஆண்ட அரசர்கள், விக்கிரக வழிபாடு என்று சொல்லித் திருப்படங்களை உடைத்தார்கள், எரித்தார்கள். அவள் வந்து ஆயர்களைக் கூட்டி, படங்களுக்குப் பழைய மரியாதையை வாங்கிக் கொடுத்தாள். தம்பி ஜூட் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

கதையின் மிச்சத்தைக் கல்லூரியில்தான் படித்தேன். ஆட்சியை விட மனமில்லாமல் அவள் தன் ஒரே மகனின் கண்களைப் பிடுங்க வைத்தாள். அரசகுலப் பிள்ளைகள் பிறப்பதற்கென்றே ஒரு அறை இருந்ததாம். அவனைப் பெற்ற அதே அறையில்தான் அது நடந்தது. பார்வை இல்லாதவன் அரசனாக முடியாது என்பது அங்கே வழக்கம். உங்களிடம் ஓடிவந்து கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே, "அது அரசியல். அவ திருச்சபைக்குச் செய்ததைப் பார்," என்றீர்கள். அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு ஜூட் வித்யாவைக் கட்டினான். சென்னைப் பெண், சைவக் குடும்பம். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கென்று ஒரு சின்னப் பிள்ளையார் படம் கொண்டுவந்தாள். படங்களைக் காப்பாற்றியவளின் பரம ரசிகையான நீங்கள், அதை அவள் கண்ணெதிரே கராஜ் குப்பைத்தொட்டியில் போட்டீர்கள். ஜூட் அவளைக் கூட்டிக்கொண்டு டெக்சஸில் காப்பெல் என்ற ஊருக்குப் போய்விட்டான். சுவரில் இருந்த அவன் படங்களைக் கழற்றினீர்கள். தடம் தெரியாமல் இருக்க பெயிண்டும் அடித்தீர்கள். எதையும் திருந்தச் செய்கிற ஆள் நீங்கள்.

உங்கள் கடைசி வாரத்தில் அவன் பறந்து வந்தான். ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றவனைக் கண் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "எனக்கு ஒரு பிள்ளைதான். உந்த ஆளை வெளியிலை போகச் சொல்லு." மருந்து மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்று அவனைச் சமாதானம் செய்தேன். அன்று காலை நீங்கள் மருந்தே வேண்டாம் என்றுவிட்டது எனக்குத் தெரியும். ஏன் அம்மா? சாகிற நேரத்தில் எந்தச் சிம்மாசனம் பறிபோகும் என்று பயந்தீர்கள்?

இப்போது தேவாலயக் கமிட்டி ஆன்ட்டி ஒருவர், அம்மாவின் விருப்பத்தை மதித்துப் படத் திறப்புக்குத் தம்பியை அழைக்க வேண்டாமே என்கிறார். ஜூடுக்குப் போன் செய்து, ராணியின் கதையை அன்று முழுசாகச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம் அக்கா. அம்மாவைப் பற்றி நல்லதா மட்டும் சொல்லுங்கோ."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. இவனையா வேண்டாம் என்றீர்கள்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிறு நான் பேசப்போவதில்லை. எனக்குப் பதில், உங்கள் மகனாக அவன் முன்னால் நிற்பான், வித்யா பக்கத்தில் இருப்பாள். உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்வான், மனதார நம்பிச் சொல்வான். கடைசி வார்த்தை வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவனை வெளியே போகச் சொல்ல உங்களுக்கு இனி வாயில்லை.

உங்கள் மகள்,
ஜூடின் அக்கா