அவன் பாட்டுக்கு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர், பலகையைச் சரியாகப் பார்க்காமலேயே எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தார். போன முறை வந்தபோதே மனப்பாடம் செய்துவிட்டாராம். "அப்போ கண்ணாடி வேண்டாமா?" என்றேன். "வேணும்மா. ஆனா பவர் ஏறியிருக்குன்னு மட்டும் சொல்லிடாத" என்றார். சிரித்துக்கொண்டே லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். ஏறித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சின்னவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாண வரவேற்புக்குப் பாட்டு ஏற்பாடு நம் பொறுப்பாம். மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டை மட்டும் நம் பக்கம் ஏன் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பேச வந்தபோதே சம்பந்தியம்மா கேட்டார்: "உங்க பையன் கீபோர்டு பிரமாதமா வாசிப்பாராமே?" என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார். நான் வெளியூரில் வேலை என்று மழுப்பினேன்.

பெரியவன் இருந்தால் இந்தக் கவலையே எனக்கு இல்லை. "பாத்துக்கறேன் போம்மா" என்றிருப்பான்.

மார்ச் 5, வியாழன்

இவர் பட்டறையில் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும்போது எத்தனை சுற்று என்று அதுவே எண்ணிக் காட்டுமாம். முன்பெல்லாம் இவருக்குப் பாட்டுதான் கணக்கு. பல்லவி முடிந்தால் இத்தனை சுற்று, சரணம் முடிந்தால் இத்தனை. பெரியவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டறையில் உட்கார்ந்து கூடவே பாடுவான். அவனுக்கு இசை வந்தது அந்தக் கம்பிச் சுருளுக்கு நடுவில்தான்.

எல்லாம் அந்த ஒரு விழாவில் போயிற்று. பட்டறைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழா. பெரியவனுடைய குழுதான் மேடையில். இவருக்கு ஆசை வந்து, வழக்கமாகப் பாடும் அந்தப் படகுப் பாட்டைப் பாட ஏறினார். கீபோர்டு ஒரு சுருதி, இவர் ஒரு சுருதி. பெரியவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கிலேயே சொன்னான்: "அப்பா, சுருதி சேரல. இறங்கிடுங்க, அடுத்தவங்க காத்திருக்காங்க." கிண்டலாகத்தான் சொன்னான். மண்டபமே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னது ஒரே வாக்கியம். "இனிமே என் முகத்துல முழிக்காத." அவன் "சரிப்பா" என்றான். கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இவர் வாயில் ஒரு பாட்டு கிடையாது. குளிக்கும்போது கூட இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

சம்பந்தியம்மா வீட்டில் பாட்டுத் தேர்வு. சின்னவள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா, நான். அப்பப்பா, ஒரு தேர்தல் நடத்தியிருக்கலாம்.

சம்பந்தியம்மாவுக்கு ஒரே நிபந்தனைதான்: சோகம் கூடாது. சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிகிறது, நல்ல மெட்டாக எதை எடுத்தாலும் நாலாவது வரியில் யாராவது யாரையாவது பிரிகிறார்கள். "இது வேண்டாம், இதுல அவ காத்துக்கிட்டே இருக்கா." "இதுவும் வேண்டாம், படத்துல அந்தப் பையன் செத்துடுவான்." மாப்பிள்ளை பாவம், "அம்மா, படத்தை யாரு பாக்கப் போறா, பாட்டைத்தானே கேக்கப் போறாங்க" என்றார். "நான் பாத்திருக்கேன்ல?" என்றார் அம்மா. அதோடு மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் மிஞ்சியவை குதிக்கிற பாட்டுகள். மேடைக்கு வரும்போது ஒன்று, மாலை மாற்றும்போது ஒன்று, சாப்பிடும்போது வார்த்தை இல்லாத வெறும் இசை. சாப்பிடும்போது யார் யாரைப் பிரிந்தாலும் காதில் விழாது, சரிதான்.

திரும்பி வரும் வழியில் சின்னவள் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அண்ணன் வருவானாம்மா? என் கல்யாணத்துக்கு அவன்தான் வாசிப்பேன்னு சொல்லியிருக்கான்."

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றேன்.

மார்ச் 12, வியாழன்

கடையில் இரண்டு லென்ஸ் உடைத்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 15, ஞாயிறு

எண் கிடைத்துவிட்டது! பெரியவனோடு டிரம்ஸ் வாசித்த பையனைத் தேடிப் பிடித்தேன். எவ்வளவோ கெஞ்சிய பிறகு கொடுத்தான். பெரியவன் வேறு ஊரில் ஏதோ ஓட்டலில் சாயங்காலங்களில் வாசிக்கிறானாம்.

மொட்டை மாடியில் நின்று பேசினேன். "ஹலோ" என்றான். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. நான் பெயரைக் கூடச் சொல்லவில்லை, "அம்மாவா?" என்றான். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதேன்.

கல்யாணத்தைச் சொன்னேன். தேதியைக் கேட்டான், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டான். அப்புறம் கேட்டான். "அப்பா கூப்பிடச் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வண்டி ஏறியிருப்பான். எனக்கு வாயில் வரவில்லை. "நான் கூப்பிடறேன்லடா" என்றேன்.

"மேடையில நான் அப்படிச் சொன்னது தப்புதாம்மா. ஆனா முகத்துல முழிக்காதன்னு சொன்னது அவரு. அவர் ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும். மறுநாளே வந்துடறேன்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே கேட்கிறான்!

மார்ச் 16, திங்கள்

கேட்டேன். இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, தட்டை எடுத்துக்கொண்டே கேட்டேன். அவன் தப்புதான் என்று சொன்னதையும் சொன்னேன்.

"என்னை இறங்குன்னு சொன்னது மைக்குல. எல்லாரும் சிரிச்சாங்க. தப்புன்னு சொல்றது மட்டும் போன்லயா? அதுவும் உங்கிட்டயா?"

"அப்போ நீங்களே பேசுங்க. எண் தர்றேன்."

"எனக்கென்ன வந்தது? தங்கச்சி கல்யாணம். வரணும்னா வரட்டும், நான் என்ன கதவைப் பூட்டியா வச்சிருக்கேன்?"

இதை அவனிடம் சொன்னால், "வரட்டும்னு சொல்றது வேற, வான்னு சொல்றது வேற" என்பான். எனக்குத் தெரியாதா, நான் பெற்றவன்தானே. இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் நான் ஒருத்தி கிடந்து சாகிறேன். போங்கடா!

மார்ச் 22, ஞாயிறு

மைக்செட்காரர் வீட்டுக்கு வந்தார். சின்னவளுடைய தோழி சொல்லி வந்தவர், சின்ன வயசுதான். பாட்டெல்லாம் கைபேசியில் ஏற்றிக்கொண்டார். எந்தப் பாட்டு எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சின்னவள் நடுவில் சொல்லிவிட்டாள், "எங்க அண்ணன் கீபோர்டு வாசிப்பாரு" என்று. வேண்டுமென்றே சொன்னாள். அப்பா காதில் விழட்டும் என்றுதான்.

மைக்செட்காரர் இவர் பக்கம் திரும்பினார். "அப்படியா ஐயா? அண்ணன் வாசிக்கறதுக்கு நடுவுல இடம் விடணுமா?"

இவர் ஒரு பழைய மோட்டார் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவன் பாட்டுக்கு விட்டுடுங்க."

"சரிங்க ஐயா" என்று அவர் கைபேசியில் ஏதோ தட்டினார். சின்னவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

அவன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அதாவது, அவன் எப்படியோ போகட்டும், அவன் பேச்சை எடுக்காதே. பெற்ற பிள்ளையை ஊரார் முன் இப்படி ஒரு துரும்பு மாதிரி தள்ள மனம் எப்படி வருகிறது? எனக்கு இவர் மேல் வெறுப்பே வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் வந்தது.

மார்ச் 23, திங்கள்

பேசவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பெரியவனுக்குத் திரும்பவும் பேசினேன். மண்டப முகவரியைச் சொன்னேன். எழுதிக்கொண்டானா தெரியாது. "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்றான். மண்டப முகவரியை இன்னொரு தடவை சொன்னேன். "சரிம்மா. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லு" என்றான். யாரோ தூரத்து உறவு மாதிரி, வாழ்த்தைச் சொல்லு!

வரமாட்டான். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவனுக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கடைப் பையன் அளவு கேட்டபோது பழைய அளவைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 11, சனி

நாளை வரவேற்பு. சம்பந்தியம்மா சாயங்காலம் கூப்பிட்டு இன்னொரு பாட்டை எடுக்கச் சொன்னார். அதில் "போய் வா" என்று ஒரு வார்த்தை வருகிறதாம். எடுத்துவிடுகிறேன் என்றேன். எது இருந்தால் என்ன, எது போனால் என்ன.

ஏப்ரல் 13, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கை சரியாக ஓடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் அவ்வளவு அழகு. குதிக்கிற பாட்டுக்கு மாப்பிள்ளையின் தோழர்கள் குதித்தார்கள். நானும் இவரும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் வாசலைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். இவர் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

திடீரென்று பாட்டு நின்றது. மைக்செட்காரர் மைக்கை எடுத்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: "அடுத்ததா, நம்ம கல்யாணப் பொண்ணோட அண்ணன் பாட்டு! அண்ணன் மேடைக்கு வரணும்!"

கை தட்டினார்கள். வந்துவிட்டானா? எனக்குத் தெரியாமல் வந்துவிட்டானா? சின்னவள் மேடையிலிருந்து வாசலை எட்டிப் பார்க்கிறாள், மாலை ஒரு பக்கம் சரிகிறது. சம்பந்தியம்மா என் தோளைத் தட்டி, "வந்திருக்காரா? சொல்லவே இல்லையே!" என்கிறார். எல்லாத் தலையும் வாசல் பக்கம்.

வாசலில் யாரும் இல்லை.

"அண்ணன் எங்க இருந்தாலும் வாங்க" என்றார் மைக்செட்காரர் மறுபடியும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அவர் கேட்டது, இடம் விடணுமா என்று. இவர் சொன்னது, அவன் பாட்டுக்கு விட்டுடுங்க என்று. அந்த மனுஷன் அப்படியே எடுத்துக்கொண்டு, அவன் பாட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்!

ஐயோ, இது என்ன அவமானம் என்று பதறி எழுந்தேன். மேடைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், தப்பு நடந்துவிட்டது, அடுத்த பாட்டைப் போடுங்கள் என்று. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு."

உட்கார்ந்தேன். மைக்செட்காரருக்கு அதற்குள் ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. அடுத்ததைப் போடட்டுமா என்று இவரைப் பார்த்து ஜாடை கேட்டார். இவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்றார். பிறகு நாற்காலியோடு திரும்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

ஒரு பாட்டு நேரம் மண்டபம் சும்மா கிடந்தது. மின்விசிறிச் சத்தம், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அடுக்குகிற சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்கு நான் அவருக்கு எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன்.

இவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. படகுப் பாட்டுதான், எனக்கு அந்த வாய் அசைவு மனப்பாடம். கடைசிச் சரணம் முடிந்ததும் கையை இறக்கினார். மைக்செட்காரர் அடுத்த குதிக்கிற பாட்டைப் போட்டார்.

வீட்டுக்கு வந்தோம். நான் அந்தப் புதுச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 15, புதன்

சின்னவள் போய்விட்டாள். சமையலுக்கு அரிசி எடுக்கும்போது கை தானாகப் பழையபடி நாலு பேருக்கு எடுக்கிறது. பாதியைத் திரும்பக் கொட்டினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மைக்செட்காரர் வந்திருந்தார். மண்டபத்தில் விட்டுப்போன ஒயர்ச் சுருள் நம் சாமான்களோடு வந்துவிட்டது, அதை எடுத்துப் போக. ஒயரை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள் போல.

"ஐயா, மன்னிச்சுக்கணும். இடம் விடணுமான்னு நான் கேட்டேன், நீங்க அவன் பாட்டுக்கு விட்டுடுங்கன்னீங்க. நான் பாட்டுக்குத் தப்பா புரிஞ்சுகிட்டு, எல்லார் முன்னாடியும் உங்களை..."

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் கடையில் நான் இவருக்குப் பவர் மாற்றிக் கொடுத்த கண்ணாடி.

"நீங்க தப்பா கேக்கல தம்பி. நான் அதைத்தான் சொன்னேன்."

அந்த மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போனார். இவர் குளிக்கப் போனார்.

அதைத்தான் சொன்னாரா? நான் பக்கத்திலேயே இருந்தேனே. தலையைக் கூட நிமிர்த்தவில்லையே. இல்லை, நான்தான் என் பாட்டுக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒரு மாதமாக இவரை வெறுத்தேனா? எதுவாக இருந்தால் என்ன, இப்போது சொல்லிவிட்டார். நான் என் காதால் கேட்டேன். இதுதான் அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தை.

மாடிக்கு ஓடினேன். அப்பா உனக்கு இடம் விட்டிருந்தார்டா, மண்டபம் முழுக்க உனக்காக வாசலைப் பார்க்க வைத்தார்டா, வாடா என்று சொல்ல. எண்ணைப் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே பெண்.

டிரம்ஸ் பையனைக் கூப்பிட்டேன். "அந்த ஓட்டலை விட்டுட்டான்மா. கல்யாண வாரத்துலயே கிளம்பிட்டான். எங்கேன்னு யார்கிட்டயும் சொல்லல. கீபோர்டைக் கூட யாருக்கோ குடுத்துட்டான்" என்றான்.

இறங்கி வந்தேன். இவரிடம் எப்படிச் சொல்வது? குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, தண்ணீர் விழுகிற சத்தம். உள்ளே இவர் படகுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். வாய் விட்டு, சுருதி கொஞ்சமும் சேராமல், அவர் பாட்டுக்கு.

நான் சொல்லவில்லை.