தென் துருவம், ஏழாம் தாள்

ஜூன் 4

காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு வெளியே நின்று, "முடிச்சாச்சா?" என்று கேட்டேன். உள்ளே யாரும் இல்லை. பத்தொன்பது நாளாகியும் வாய்க்கு இன்னும் விஷயம் எட்டவில்லை.

என் மனைவி போனது தூர தேசத்துக்கு ஒன்றும் இல்லை. ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி, அவள் அக்கா வீட்டுக்கு. தினமும் இருவரும் ஒரே கட்டடத்துக்குத்தான் வேலைக்கு வருகிறோம். அவள் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி. வரைவதும் ஒரே இடத்தைத்தான்: செவ்வாய்க் கிரகத்தின் தென் துருவம், ஏழாம் தாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே வரைய வேண்டும். செவ்வாயைச் சுற்றும் விண்கலம் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எது பள்ளம், எது மேடு, எது விரிசல் என்று எல்லைக்கோடு போடுவதுதான் வேலை. ஒப்படைக்கும்வரை தாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் ஒருவர் கண்ணால் மற்றவர் பார்க்க ஆரம்பித்துவிடுவாராம். முடிந்ததும் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவார்கள். கணவன் மனைவியை ஒரே தாளில் போடலாமா என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். அவர் என்னைக் காட்டி, "இவர் வாயிலேர்ந்து என்னங்க கசியப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஜூன் 5

பள்ளம் 64. விரிசல் 9. இன்று என்னோடு பேசியவர்: பஸ் நடத்துநர்.

ஜூன் 9

ஏன் போனாள் என்று எழுதி வைக்கிறேன். எனக்கே சில நாள் மறந்தது போல் நடிக்கத் தோன்றுகிறது.

மார்ச்சில் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் வேறு கட்டடத்தில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டேன். முடிவு நல்லபடியாக வந்தது. காகிதத்தை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்தவன் மறந்தே போனேன். மே மாதம் துணி துவைக்கும்போது அவள் கையில் கிடைத்தது.

"ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே, அப்புறம் எதுக்குச் சொல்லணும்" என்றேன்.

"ஏதாவது இருந்திருந்தா?"

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். பெட்டியில் துணியை வைத்துக்கொண்டே, பதினாறு வருஷத்தில் நான் பயந்த ஒரு நாளாவது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "உங்களுக்கா என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க. அப்ப வர்றேன்."

இவ்வளவுதான் நிபந்தனை. வேறொருவன் என்றால் அன்று சாயங்காலமே கூட்டி வந்திருப்பான்.

ஜூன் 13

துருவத்துக் கோடையில் சூரியன் மறைவதில்லை. அடிவானத்துக்குச் சற்று மேலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் அங்கே நிழல்கள் எல்லாம் நீளம். தரையில் கிடப்பது தண்ணீர்ப் பனி மட்டும் இல்லை, உறைந்த கரியமில வாயுவும். அதில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், அடி தட்டையாக, விளிம்பு செங்குத்தாக. ஒவ்வொரு கோடையிலும் விளிம்பு கொஞ்சம் ஆவியாகிப் பின்வாங்கும். பள்ளம் அகன்றுகொண்டே போய்ப் பக்கத்துப் பள்ளத்தோடு சேர்ந்துவிடும். இரண்டு பள்ளத்துக்கு நடுவே மிச்சமாக நிற்கும் துண்டு, தட்டையான மேடு.

ஆள் அரவமே இல்லாத இடம். அங்கே உட்கார்ந்து எல்லை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதை. மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்று ரொட்டியைக் கருக்கினேன். தின்று தீர்த்தேன், குறை சொல்ல ஆள் வேண்டுமே.

ஜூன் 17

மாடி மாடியாக டீ கொண்டுவரும் ப்ளாஸ்க் அண்ணன்தான் எங்கள் செய்தித்தாள். தலைமை வரைவாளர் இடம் காலியாகிறதாம். என் மனைவி பெயர் மேலே போயிருக்கிறதாம். ஏழாம் தாள் ஒப்பீடு நன்றாக வந்தால் நாற்காலி அவளுக்கு, சொதப்பினால் வெளியிலிருந்து ஆள் வருவாராம். "வீட்ல சொல்லியிருப்பாங்களே" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். அவள் என்னோடு இல்லை என்பது இந்த ஒரு செய்தித்தாளுக்கு மட்டும் எட்டவில்லை.

அவளுக்குத்தான் கிடைக்க வேண்டும். சந்தேகமே இல்லை. நான் இந்த வேலைக்கு வந்தபோது பேனாவைப் பிடிக்கக் கற்றுத் தந்தவளே அவள்தான். துருவப் படம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி வரும். "முதல்ல துருவம் மேல இருக்கற மாதிரி திருப்பிக்கோங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஜூன் 20

லிஃப்டில் அவள். நானும் அவளும் மட்டும்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

இரண்டாம் மாடி வந்துவிட்டது. இறங்கிப் போனாள்.

ம். என்ன ம்? இருபது வருஷம் படித்து வேலை பார்த்து, ஒரு மனுஷன் சேர்த்து வைத்த பாஷை இவ்வளவுதானா? சாப்பிடல, ரொட்டி கருகுது, வீடு பிடிக்கலன்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜூன் 24

தப்புப் பண்ணிட்டேன்.

தாளின் கிழக்குப் பட்டையில் பதினொரு படங்கள். அவற்றில் 218 தட்டை மேடுகள் குறித்திருந்தேன். இன்று மூலையில் ஒரு வட்டம் கண்ணை உறுத்தியது. விண்கல் மோதிய தடம், சிதறல் கோடுகள்கூடத் தெரிகின்றன. ஆனால் அது குமிழ் போல் மேடாகத் தெரிந்தது. விண்கல் விழுந்தால் குழிதான் விழும், எந்த ஊரிலும் மேடு எழும்பாது.

ஒவ்வொரு படத்தோடும் வெயில் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்று ஒரு குறிப்பு வரும். அதை எடுத்துப் பார்த்தேன். மற்றப் படங்களில் துருவத்தை மேலே வைத்துத் திருப்பினால் வெளிச்சம் மேலிருந்து விழும். இந்தப் பதினொன்றும் வேறு நேரத்தில் எடுத்தவை. திருப்பினால் வெளிச்சம் கீழிருந்து வருகிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் தானாக எடுத்துக்கொள்ளும். அதனால் பள்ளம் மேடாகத் தெரியும். 218-உம் பள்ளங்கள்.

குறிப்பைப் பார்க்காமல் எத்தனை வருஷமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 25

அவளும் துருவத்தை மேலே வைத்துத்தான் திருப்புவாள். அவள் கற்றுக்கொடுத்த பழக்கம்தானே. அப்படியென்றால் அவள் தாளிலும் 218 மேடுகள் இருக்கும்.

நான் என்னுடையதைத் திருத்தினால் ஒப்பீட்டில் அவள் தப்பு மட்டும் சபையில் நிற்கும். நாற்காலி போகும், அதுவும் என் கையால். அவளிடம் சொன்னால் விதி மீறல், இருவர் தாளையும் கிழித்துப் போடுவார்கள். திருத்தாமல் விட்டால்? இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். யாருக்கும் தெரியாது. மேடோ பள்ளமோ, அங்கே யார் போய்த் தடுக்கி விழப்போகிறார்கள்?

இதை எழுதும்போதே கூசுகிறது. அடுத்த ஆண்டு இந்தத் தாளை வைத்துத்தான் எந்தப் பள்ளம் எவ்வளவு அகன்றது என்று அளப்பார்கள்.

இருபத்தெட்டாம் தேதி ஒப்படைக்க வேண்டும்.

ஜூன் 26

வேலை முடிந்து நேராக அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். எதையாவது சொல்லிவிடுவது என்றுதான். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா உட்கார வைத்து டீ கொடுத்து, "தம்பி, மெலிஞ்சுட்டீங்க" என்றார். அரை மணி கழித்து அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை, அப்படியே நின்றாள். சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

தாளைப் பற்றிச் சொல்ல முடியாது. சரி, தாளை விடு. நீயில்லாமல் முடியவில்லை என்று சொல்ல எந்த விதி தடுத்தது?

"மழை வரும்போல இருக்கு" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழையும் வரவில்லை.

ஜூன் 28

ஒப்படைத்தேன். திருத்தவில்லை.

அவளுக்காக. பிடிபட்டால் இருவரும் சேர்ந்தே பிடிபடுவோம். மனசு லேசாகத்தான் இருக்கிறது. இருக்கிறதா?

ஜூலை 3

ஒப்பீடு. சுவர்த் திரையில் அவள் கோடு நீலம், என் கோடு சிவப்பு. பொருந்தும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். மேற்குப் பட்டை முழுக்கக் கறுப்பு. அளவுகோல் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்துக் கிழக்குப் பட்டையைப் போட்டார்கள்.

218 இடத்திலும் அவள் பள்ளம் என்று குறித்திருக்கிறாள்.

ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்தில் வெயில் திசையைச் சின்ன எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள். அளவுகோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புதுசாக வந்தவர்கள் செய்யும் பிழை இது என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் நான் வரையக் கூடாது, படக் குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலை. நாற்காலி அவளுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நிஜமாகவே தட்டினேன். அவள் தட்டியவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் வழிமறித்தாள்.

"அந்த விண்கல் குழி உங்க கண்ணுல படாம இருக்காது. பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"போன மாசம் இருபத்துநாலு."

"அப்புறமும் ஏன் அப்படியே குடுத்தீங்க?"

சொன்னேன். நாற்காலி, திருத்தினால் அவள் தப்பு மட்டும் தெரியும் என்று நினைத்தது, எல்லாம். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. நன்றியாக இருக்கும் என்று நினைத்த மடையன் நான்.

"துருவத்த மேல வைக்கச் சொன்ன அன்னைக்கே வெயில் திசையையும் பாக்கச் சொன்னேன். உங்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. நானும் தப்புன்னு என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்க. நான் பயந்துடுவேன்னு மார்ச்சுல முடிவு பண்ணினீங்க. எனக்காக எனக்காகன்னு எல்லாத்தையும் நீங்களே தனியா முடிவு பண்றீங்க. அதுல நான் எங்கங்க இருக்கேன்?"

ஒரு படி இறங்கி, திரும்பிக் கேட்டாள். "அன்னைக்கு மழை வரும்னு சொல்லிட்டுப் போனீங்களே, இதை மனசுல வச்சுக்கிட்டுத்தானா?"

தலையாட்டினேன். போய்விட்டாள்.

ஜூலை 4

விடுப்பு. நாள் முழுக்கக் கட்டிலில்.

ஜூலை 7

புது வேலை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் செய்யும் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் வெயில் திசை சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகோலுக்குக் குசும்பு இல்லை என்று யார் சொன்னது?

தியாகம் செய்ததாக ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைப் பாதி ஆளாக்கினேன். காப்பாற்றியதும் அவளை இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லும் பயத்திலிருந்து என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி. பக்கம் பக்கமாக இங்கே மட்டும் எழுதத் தெரிகிறது.

ஜூலை 10

நாளைக்கு. நாளைக்கு எப்படியும்.

ஜூலை 11

ஐந்து மணிக்கே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அவள் வந்ததும், பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்றாள். எனக்கே தெரியவில்லை, அதனால் மார்ச்சிலிருந்து ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான்கு நாள் என்ன நினைத்தேன் என்று சொன்னேன். மூன்றாம் நாள் கழிப்பறைக்குள் போய் அழுததைச் சொன்னேன். கருகிய ரொட்டி, குளியலறை வாசல், லிஃப்ட், எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாக உளறினேன். நடுவில் குரல் உடைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் பஸ் மூன்று போனது. குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டாள். கடைசியில், "இன்னும் இருக்கா?" என்றாள். நிறைய இருக்கிறது என்றேன். "நாளைக்கும் அஞ்சு மணிக்குத்தான் வெளிய வருவேன்" என்று சொல்லிவிட்டு நான்காவது பஸ்ஸில் ஏறினாள். அக்கா வீட்டுப் பஸ்தான்.

ஜூலை 12

இரண்டு பஸ் போனது.

ஜூலை 19

நான்கு. இன்று அவளும் சொன்னாள். புது நாற்காலி பயமாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 2

இரண்டு வாரமாக இந்த நோட்டைத் திறக்கவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுத ஒன்றும் மிச்சம் இல்லை, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியாகிவிட்டது.